குழி ஓரிடத்தில் நிற்காது: அணைக்கு அருகே கிராவல் குவாரி வந்தால் தண்ணீருக்கு என்ன ஆகும்?

மாவட்ட அரசிதழில் வரும் குவாரி அறிவிப்பு பெரும்பாலும் நான்கு வரிக்குள் முடிந்துவிடும். இன்ன கிராமம், இன்ன சர்வே எண், 1 ஹெக்டேர், 3 மீட்டர் ஆழம், கிராவல். வரைபடத்தில் அது ஒரு சிறு கட்டம். அணையோ மதகோ குடிநீர்க் கிணறோ அந்தக் கட்டத்துக்கு வெளியே இருக்கிறது, அதனால் பாதிப்பில்லை என்று விண்ணப்பத்தில் எழுதியிருப்பார்கள். இந்த ஒரு வரியைத்தான் ஊர்க்காரர்கள் சோதித்துப் பார்க்க வேண்டும். மண்ணில் வெட்டிய குழி குத்தகை எல்லைக்குள் இருக்கும். அதன் விளைவை அந்த எல்லைக்குள் கட்டிவைக்க முடியாது. தண்ணீர் ஓடும் இடத்தில் வெட்டிய குழி, தண்ணீரோடு சேர்ந்து நகரும்.

முதலில் பெயர்களைப் பிரித்துக்கொள்வோம். ஏரிக்குள் மழைநீர் கொண்டுவந்து சேர்த்த மெல்லிய களிச்சேறுதான் வண்டல். அதை எடுத்தால் ஏரி தன் பழைய ஆழத்துக்குத் திரும்பும், வயலுக்கும் உரமாகும். கிராவல் என்பது சிறு கல்லும் செம்மண்ணும் கலந்த சரளை. சாலைக்கு அடியில் போடவும் மனைகளை மேடாக்கவும் கேட்பார்கள். சவுடு என்பது மணலும் மண்ணும் கலந்தது. ஏரியில் வண்டலுக்குக் கீழே போனால்தான் பெரும்பாலும் கிராவல் கிடைக்கும். ஆகவே 'தூர் வாருகிறோம்' என்று சொல்லிக் கிராவல் ஏற்றுகிறார்கள் என்றால், ஏரியின் பழைய தரையைத் தாண்டி வெட்டுகிறார்கள் என்று பொருள். லாரியில் போகும் மண்ணைக் கையில் எடுத்து ஈரப்படுத்திப் பிசைந்து பாருங்கள். உருண்டையாகத் திரண்டு வழவழப்பாக இருந்தால் வண்டல். கல் உறுத்தி உதிர்ந்தால் கிராவல்.

ஆற்றில் குழி எப்படி நகர்கிறது

ஆற்றுப் படுகையில் 3 மீட்டர் ஆழக் குழி இருக்கிறது. தண்ணீர் வருகிறது. குழியின் மேல்புற விளிம்பில் அது சிறு அருவி போல விழும். விழும் வேகத்தில் விளிம்பின் அடி அறுபடும், மேல் மண் சரியும், விளிம்பு இரண்டடி பின்னுக்குப் போகும். அடுத்த வெள்ளத்தில் இன்னும் பின்னுக்குப் போகும். இப்படி ஆற்றின் எதிர்த்திசையில், மேல்நோக்கி, பள்ளம் ஏறிக்கொண்டே இருக்கும். வழியில் பாலத் தூணோ படுகை அணையோ இருந்தால் அதன் காலடியில் போய்த்தான் நிற்கும்.

கீழ்ப்புறத்தில் வேறொன்று நடக்கிறது. வெள்ளம் சுமந்துவந்த மணலும் கல்லும் குழிக்குள் விழுந்து தங்கிவிடும். சுமை இறங்கிய தண்ணீர் குழியைத் தாண்டியதும் படுகையையும் கரையையும் அரித்துத் தன் சுமையை மறுபடி ஏற்றிக்கொள்ளும். ஆக ஒரே குழி மேலேயும் கீழேயும் படுகையைத் தாழ்த்துகிறது.

சரளைப் படுகைக்கு இன்னொரு குணம் உண்டு. பல வெள்ளங்கள் பொடியை அடித்துக்கொண்டு போய், மேலே கனமான கற்களை மட்டும் ஓடு பாவியதுபோல விட்டுவைத்திருக்கும். சாதாரண வெள்ளம் அதை அசைக்காது. பொக்லைன் அந்த மேலோட்டை ஓர் அடி உரித்துவிட்டால், அடியில் இருக்கும் நைந்த மண் நடுத்தர வெள்ளத்துக்கே கரையத் தொடங்கும். எடுத்தது ஓர் அடிதானே என்ற கணக்கு இங்கே செல்லாது.

'வெள்ளம் வந்தால் மணல் தானாக நிரம்பிவிடும்' என்பார்கள். மேலே அணை இல்லாத ஆற்றில் இது ஓரளவு சரி. காவிரியில் 1934 முதல் மேட்டூர் அணை நிற்கிறது. அதற்கு மேலிருந்து வரும் மணல் பெரும்பாலும் நீர்த்தேக்கத்தில் தங்கிவிடும். கீழே வந்து சேரும் பவானியிலும் அமராவதியிலும்கூட அணைகள் உண்டு. இப்படிப்பட்ட ஆற்றில் எடுத்தது திரும்பி வரும் என்று சொல்பவர், எங்கிருந்து வரும் என்றும் ஆண்டுக்கு எவ்வளவு வரும் என்றும் அளந்து காட்ட வேண்டும். மழைக்காலத்துக்கு முன்பும் பின்பும் படுகை மட்டத்தை அளந்து ஒப்பிடுவதுதான் மீள்நிரம்பல் ஆய்வு. விண்ணப்பத்தில் அது இருக்கிறதா என்று பாருங்கள்.

அணையின் காலடி: ஒரு சின்னக் கணக்கு

மணல் படுகையில் நிற்கும் ரெகுலேட்டரும் (ஷட்டர்களால் நீரை நிறுத்தித் திறந்துவிடும் கதவணை) தடுப்பணையும் பாறையில் வேரூன்றியவை அல்ல. மேல்புறத் தண்ணீர் கட்டுமானத்துக்கு அடியில் மணல் வழியாகக் கசிந்து கீழ்ப்புறத்தில் வெளிவந்துகொண்டே இருக்கும். கசிவதில் குற்றமில்லை. கசியும் நீர் மணலையும் இழுத்துக்கொண்டு வரும் அளவு வேகம் பிடித்தால்தான் ஆபத்து. அதைத் தடுக்க, தண்ணீர் நெடுந்தூரம் சுற்றிவரும்படி தளத்தை நீட்டியும் அடியில் தடுப்புச் சுவர் இறக்கியும் கட்டுகிறார்கள்.

எவ்வளவு தூரம் வேண்டும் என்பதற்குப் பொறியாளர் பிளை சொன்ன பழைய எளிய விதி ஒன்று உண்டு. பருமணல் படுகையென்றால், மேல்புற நீர்மட்டத்துக்கும் கீழ்ப்புற மட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் போல 12 மடங்கு தூரம். பின்னாளில் கோஸ்லா என்ற பொறியாளர் இதைத் திருத்தி நுட்பமாக்கினார். ஆனாலும் விஷயத்தைப் புரிந்துகொள்ளப் பிளையின் கணக்கே போதும்.

ஷட்டர்களை அடைத்து 3 மீட்டர் தண்ணீர் நிறுத்துகிறார்கள், கீழ்ப்புறம் வறண்ட படுகை என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 3 மீட்டர், தேவையான கசிவுப் பாதை 36 மீட்டர். அப்படியே கட்டியாயிற்று. சில ஆண்டுகளில் கீழ்ப்புறக் குவாரிகளால் படுகை 1.5 மீட்டர் இறங்கிவிடுகிறது. இப்போது வித்தியாசம் 4.5 மீட்டர், தேவை 54 மீட்டர். இருப்பதோ அதே 36. அணையை யாரும் தொடவில்லை, ஒரு கல்லும் பெயரவில்லை. ஆனால் அதன் பாதுகாப்பில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. பார்வையிட வருபவர் ஷட்டரையும் தூணையும் மட்டும் பார்த்தால் இது கண்ணில் படாது. கீழ்ப்புறப் படுகை மட்டத்தை அளந்தால்தான் தெரியும்.

படுகை இறங்குவதால் வரும் இரண்டாவது கேடு தளத்தின் நுனியில். ஷட்டர் வழியே பாயும் தண்ணீர், கல்லும் கான்கிரீட்டும் பாவிய தளத்தின் மேலேயே கொந்தளித்து வேகம் தணிய வேண்டும். கீழ்ப்புற நீர்மட்டம் ஓரளவு உயரமாக இருந்தால்தான் அது தளத்துக்குள்ளேயே நடக்கும். மட்டம் இறங்கினால் கொந்தளிப்பு தளத்தைத் தாண்டி வெறும் மண்ணில் போய் நடக்கும். தளத்தின் நுனியில் பள்ளம் விழுந்து, போட்டிருந்த கற்கள் ஒவ்வொன்றாக உருண்டு, பிறகு தளமே அந்தரத்தில் தொங்கும். ஊர்க்காரர் கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடிய முதல் அறிகுறி இதுதான்: கோடையில் அணைக்குக் கீழே நின்று பார்த்தால், முன்பு மண்ணோடு மண்ணாக இருந்த தளத்தின் விளிம்பு படிக்கட்டுபோல உயர்ந்து தெரியும்.

2018 ஆகஸ்ட் 22 அன்று மாலை திருச்சி முக்கொம்பில் கொள்ளிடம் ரெகுலேட்டரின் 45 ஷட்டர்களில் ஒன்பது அடித்துச் செல்லப்பட்டன. 1836-38இல் ஆர்தர் காட்டன் காலத்தில் எழும்பிய மேலணை அது. அதே மாதம், அதே கொள்ளிடத்தில், 1928இல் கட்டிய பழைய இரும்புப் பாலத்தின் தூண்களும் சாய்ந்தன. அளவில்லாமல் மணல் அள்ளியதே காரணம் என்றார்கள் விவசாயிகள். அரசுத் தரப்பு கட்டுமானத்தின் வயதையும் வெள்ளத்தையும் காரணமாகச் சொன்னது. எங்கள் பார்வையில் இரண்டையும் எதிரெதிராக நிறுத்தத் தேவையில்லை. வயதான கட்டுமானத்துக்குத்தான் காலடி மண் இன்னும் பத்திரமாக இருக்க வேண்டும். பிறகு 387 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கிப் புதிய கதவணை கட்ட வேண்டியதாயிற்று.

மண் அணைக்கும் ஏரிக்கரைக்கும் கதை சற்று வேறு. கரையின் உட்புறத்தில் படிந்திருக்கும் களிமண் ஒரு தார்ப்பாய் விரித்ததுபோலக் கசிவைத் தடுக்கிறது. அதைக் கிழித்துக் கிராவல் அடுக்கைத் திறந்துவிட்டால், தண்ணீர் கரைக்கு அடியில் புகுந்து வெளிப்புறத்தில் கொப்பளிக்கும். வெளிப்புறக் கரையடியில் குழி வெட்டினாலும் அதே கதிதான்: கசிவுப் பாதை குறுகும், கரையைத் தாங்கிய மண்ணும் போகும். கரைக்கு வெளியே ஊறும் நீர் தெளிவாக இருக்கும்வரை கண்காணித்தால் போதும். அது கலங்கி, சிறு எரிமலை வாய்போல மணல் வளையம் போட்டுக்கொண்டு வந்தால், அடியில் மண் போய்க்கொண்டிருக்கிறது. அன்றே நீர்வளத் துறை உதவிப் பொறியாளருக்குச் சொல்ல வேண்டும். வாயை மண் கொட்டி அடைக்கக் கூடாது, அடைத்தால் நீர் வேறு இடத்தில் உடைத்துக்கொண்டு வரும். சுற்றிலும் மணல் மூட்டை அடுக்கி நீர்மட்டத்தை உயர விட்டு, கசிவின் வேகத்தைக் குறைப்பதே சரியான முதலுதவி.

கிராவலுக்கு வெடி தேவைப்படுவது அரிது. கல் குவாரிக்குத்தான் வெடி. அணைக்கு அருகே வெடி வைப்பது பற்றிய பெரிய வழக்கு கர்நாடகத்தின் கிருஷ்ணராஜசாகர் அணையுடையது. சுண்ணாம்பும் சுர்க்கியும் (செங்கல் பொடி) சேர்த்துக் கட்டிய கல் அணை, 49 டிஎம்சி கொள்ளளவு. காவிரியில் நமக்கு வரும் தண்ணீரில் கணிசமான பங்கு அதைத் தாண்டித்தான் வருகிறது. அணைப் பாதுகாப்புச் சட்டப்படி ஆய்வு முடியும்வரை அணையைச் சுற்றி 20 கிலோமீட்டருக்குள் குவாரி கூடாது என்று 2024 ஜனவரியில் கர்நாடக உயர் நீதிமன்றம் தடை விதித்தது.

தண்ணீர் யாருடையது, குழிக்குப் பிறகு யாருடையது

அணை உடைந்தால் எல்லோருக்கும் தெரியும். தண்ணீர் கைமாறுவது தெரியாது. அதனால் இதை நிதானமாகப் பார்ப்போம்.

இரண்டு ஹெக்டேர் ஏரித்தரையை மதகின் அடிமட்டத்துக்கும் கீழே 2 மீட்டர் வெட்டுகிறார்கள் என்று வையுங்கள். குழியின் கொள்ளளவு 40,000 கன மீட்டர். அடுத்த மழையில் அந்தக் குழி நிரம்பிய பிறகுதான் மதகுக்குத் தண்ணீர் ஏறும். குழியில் நின்ற நீர் மதகு வழியே ஒருநாளும் வயலுக்கு வராது. ஒரு ஹெக்டேர் நெல்லுக்குச் சுமார் 12,000 கன மீட்டர் தேவை என்று கொண்டால், மூன்று ஹெக்டேருக்கு மேல் நனைக்கும் தண்ணீர் இது. 'குழியில் நின்றால் நிலத்தடிக்குத்தானே போகும், நல்லதுதானே' என்பார்கள். போகும். ஆனால் யாருக்குப் போகும்? ஆழ்துளைக் கிணறும் மோட்டாரும் வைத்திருப்பவருக்கு. கடைமடையில் மதகை நம்பி இருந்தவரின் பங்கு, ஒரு கையெழுத்தும் இல்லாமல் வேறொருவர் பம்புசெட்டுக்கு மாறிவிடுகிறது.

ஆற்றுப் பாசனத்தில் இதே கேடு வாய்க்கால் தலைப்பில் வரும். தலைமதகின் அடிமட்டம் அன்றைய படுகைக்கு ஏற்ப வைத்தது. படுகை ஒரு மீட்டர் இறங்கினால், ஆற்றில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போதே வாய்க்கால் வறண்டு கிடக்கும். பங்கு காகிதத்தில் இருக்கும், தண்ணீர் ஏறாது. பாலாற்றின் ஊற்றுக்கால்களும் இப்படித்தான். படுகை மணலுக்குள் ஒளிந்து ஓடும் நீரை வெட்டி வாய்க்காலில் விட்ட அமைப்புகள் அவை. மணல் போனபின் ஊற்றுக்கு எங்கிருந்து நீர் வரும்?

அடுத்து குடிநீர். மணலும் சரளையும் வெறும் மண் அல்ல, தொட்டி. ஒரு ஹெக்டேரில் 3 மீட்டர் தடிமன் என்றால் 30,000 கன மீட்டர் சரளை. அதிலிருந்து ஐந்தில் ஒரு பங்கு தண்ணீரை இறைக்க முடியும் என்று கொண்டால் 60 லட்சம் லிட்டர். ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்ற கிராமக் குடிநீர்க் கணக்கில், ஆயிரம் பேர் உள்ள ஊருக்கு 109 நாள். தொட்டியை எடுத்துவிட்டுத் திறந்த குழியை விட்டால் அதில் இதைவிட அதிக நீர் நிற்குமே என்று தோன்றும். நிற்கும், வெயிலில் நிற்கும். கோடையில் நாளுக்கு 6 மில்லிமீட்டர் ஆவியானால் ஒரு ஹெக்டேர் குழியிலிருந்து தினமும் 60,000 லிட்டர் போகிறது. அந்த ஊரே குடிப்பதைவிட அதிகம். நீர்மட்டத்துக்குக் கீழே குழி போனால் பக்கத்துக் கிணறுகளின் நீரும் அதற்குள் வடிந்து, அதே வெயிலுக்குப் போகும்.

சட்டத்தில் இந்த உரிமைகள் ஒரே இடத்தில் இல்லை. ஆற்று நீரையும் ஏரி நீரையும் பகிர்ந்து ஒழுங்குபடுத்தும் அதிகாரம் அரசுக்கு. ஓடைக் கரையில் நிலம் உள்ளவருக்கு இயற்கை ஓட்டம் தடையின்றி வர வேண்டும் என்ற உரிமையை 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் ஏற்கிறது. நெடுங்காலம் தொடர்ந்து அனுபவித்தால் பிறர் நிலம் வழி வரும் வாய்க்கால் நீருக்கும் உரிமை உண்டாகும்: தனியார் நிலமென்றால் 20 ஆண்டு, அரசு நிலமென்றால் 30. நிலத்தடி நீர் இன்றும் நிலத்தோடு ஒட்டியதாகவே கருதப்படுகிறது. 2003இல் தமிழ்நாடு இயற்றிய நிலத்தடி நீர்ச் சட்டத்தை 2013இல் அரசே நீக்கிவிட்டது. ஆறும் ஏரியும் மக்களுக்காக அரசு பொறுப்பில் வைத்திருக்கும் சொத்து என்ற கோட்பாட்டை உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் கமல்நாத் வழக்கில் நிலைநிறுத்தியது. மனுவில் இதைச் சுட்டலாம். ஆனால் மனுவைத் தாங்கிப் பிடிப்பது ஆயக்கட்டுப் பதிவேடும் (எந்த நிலத்துக்குப் பாசனம் என்ற பதிவு) அளந்த எண்களும்தான்.

2021ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டத்தைப் பற்றியும் தெளிவாக இருங்கள். 15 மீட்டருக்கு மேல் உயரமான அணைகளும், 10 முதல் 15 மீட்டருக்குள் இருந்து நீளம், கொள்ளளவு போன்ற நிபந்தனைகளில் ஒன்றுக்குப் பொருந்தும் அணைகளும் மட்டுமே அதில் வரும். நம் ஏரிகளிலும் படுகை அணைகளிலும் பெரும்பாலானவை அந்த உயரத்தை எட்டாது. பெரிய அணை அருகில் இருந்தால் மாநில அணைப் பாதுகாப்பு அமைப்புக்கு எழுதுங்கள். ஏரியென்றால் 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ளது நீர்வளத் துறையிடமும், அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கும். தவறான அலுவலகத்துக்கு மனு போனால் ஒரு மாதம் வீணாகும்.

குவாரி வருவதற்கு முன்பே செய்ய வேண்டியவை

கிராம நிர்வாக அலுவலரிடம் அந்த சர்வே எண்ணுக்கான 'அ' பதிவேட்டையும் (நிலத்தின் வகை எழுதிய கிராமக் கணக்கு) புல வரைபடத்தையும் வாங்குங்கள். ஓடை, வாய்க்கால், ஏரி என்று வகைப்பாடு இருக்கிறதா, எல்லையில் நீர்வழி ஓடுகிறதா என்று பாருங்கள். விண்ணப்பத்தில் 'தரிசு' என்றும் பதிவேட்டில் 'ஓடைப் புறம்போக்கு' என்றும் இருந்தால் முதல் ஆட்சேபம் அதுதான்.

500 மீட்டர் வட்டத்துக்குள் வேறு குவாரிகள் இருந்தால் பரப்பைக் கூட்டிப் பார்க்க வேண்டும். பெரிய நிலத்தை 4.5 ஹெக்டேர் துண்டுகளாக வெட்டி விண்ணப்பிப்பது பழைய வழக்கம். கூட்டுப் பரப்பு 5 ஹெக்டேரைத் தாண்டினால் சுற்றுச்சூழல் தாக்க ஆய்வும் பொது விசாரணையும் கேட்டு வாதிடலாம். பொது விசாரணைக்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். சிறு குவாரிக்கும் சுற்றுச்சூழல் அனுமதி தேவை என்பது 2012 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தின் தீபக் குமார் வழக்கிலேயே முடிவான விஷயம்.

ஆற்றுப் படுகையென்றால் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் 2016, 2020 மணல் வழிகாட்டுதல்களைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஆழம் 3 மீட்டர் அல்லது நிலத்தடி நீர்மட்டம், இவற்றில் எது முதலில் வருகிறதோ அதுவரைதான். பாலத்துக்கு மேல்புறம் குறைந்தது 250 மீட்டரும் கீழ்ப்புறம் 500 மீட்டரும் விட வேண்டும். கீழ்ப்புறத்துக்கு ஏன் இரட்டிப்பு என்பது மேலே சொன்ன குழி நகர்வில் இருக்கிறது: கீழே வெட்டிய குழிதான் மேல்நோக்கி ஏறிவரும். தமிழ்நாட்டின் 1959ஆம் ஆண்டு சிறுகனிம விதிகளில், பாலம், குடிநீர்த் திட்டக் கிணறு, நீரேற்று நிலையம் இவற்றிலிருந்து 500 மீட்டர் ஆரத்துக்குள் ஆற்று மணல் எடுக்கத் தடை உண்டு.

இதைவிட முக்கியமானது, இன்றைய நிலையை எழுதிவைப்பது. குவாரி வந்த பிறகு 'முன்பு தண்ணீர் எங்கே இருந்தது' என்று கேட்டால் பதில் வேண்டும். சுற்றியுள்ள ஐந்தாறு கிணறுகளைத் தேர்ந்து, காலையில் மோட்டார் போடுவதற்கு முன், கிணற்று மேட்டிலிருந்து நீர்மட்டம்வரை நாடாவால் அளந்து, 15 நாளுக்கு ஒருமுறை நோட்டில் தேதியோடு எழுதுங்கள். மதகின் அடிமட்டத்தில் பெயின்டால் ஒரு கோடு போட்டு, அதிலிருந்து மட்டக்குழாய் வைத்து ஏரித்தரையும் படுகையும் எவ்வளவு கீழே என்று பாருங்கள். தண்ணீர் நிரப்பிய தெளிவான பிளாஸ்டிக் குழாயே போதும், சென்டிமீட்டர் கணக்கில் சரியாக வரும். அளவுகோல் தெரியும்படி புகைப்படமும் எடுங்கள்.

குவாரிக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்துவிட்டால், தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில் மேல்முறையீடு செய்ய 30 நாள். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள்வரை ஏற்கலாம், அதற்கு மேல் இல்லை. ஆகவே அனுமதி ஆணையின் தேதியை முதல் நாளே குறித்துக்கொள்ளுங்கள். சுரங்கத் திட்ட நகல் தரவில்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு கேட்கலாம், 30 நாளில் பதில் வர வேண்டும்.

வேலை தொடங்கிய பிறகு லாரியை எண்ணுங்கள். ஒரு யூனிட் என்பது 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். அனுமதித்த 30,000 கன மீட்டர் என்றால் ஏறத்தாழ 10,600 யூனிட். லாரிக்கு 3 யூனிட் வீதம் 3,500 நடைக்குச் சற்று மேல். ஓராண்டு அனுமதியில் 250 வேலைநாள் என்றால் நாளுக்கு 14 நடை. வெட்டிய மண் உதிர்ந்து பருத்திருக்கும் என்பதால் நான்கைந்து நடை கூடப் போவதில் தவறில்லை. தினமும் 40 நடை போனால், அனுமதித்த ஆழம் நான்கைந்து மாதத்தில் முடிந்துவிடும். அதன்பிறகு வண்டி ஓடுகிறதென்றால் குழி 3 மீட்டரைத் தாண்டிவிட்டது, அல்லது எல்லையைத் தாண்டிவிட்டது. தேதி, நேரம், நடை எண்ணிக்கை உள்ள நோட்டோடு கனிமவளத் துறை உதவி இயக்குநரிடமும் மாவட்ட ஆட்சியரிடமும் போய், குழியை அளந்து காட்டும்படி எழுத்தில் கேளுங்கள். மனுவின் நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்க மறக்காதீர்கள்.